மாரி கழியும் நேரத்துச் சைக்கிளோகுறொஸ்: வாசகர் கேள்வி – பதில்

புல், சுரி, மணல், படிக்கட்டு, குறுக்குப் பலகை எல்லாம் கலந்த ஒரு குட்டிச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். உழக்க முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இதுதான் சைக்கிளோகுறொஸ். ஐரோப்பாவில் செப்டெம்பரில் தொடங்கிப் பெப்ரவரியில் முடியும் பருவம். நம் கிழக்குக் கரையின் மாரியும் ஏறக்குறைய அந்த மாதங்கள்தான். அதனாலோ என்னவோ, இம்முறை தபாற்பையில் திருகோணமலைக் கடிதங்கள் நிறைய. நண்பர்கள் சேர்ந்து ஞாயிறு காலையில் வைக்கும் ஓட்டங்கள் முடிவுக்கு வருகின்றன. கடைசி ஓட்டத்தில் ஓர் இடமாவது முன்னேற என்ன வாங்கலாம் என்று பாதிப்பேர் கேட்டிருக்கிறார்கள். பருவக் கடைசியில் வாங்க வேண்டியது அதிகமில்லை. மிச்சமிருக்கும் மூன்று கிழமையில் காலுக்குப் புதுப் பலமும் வராது. ரயர்க் காற்று, இறங்கி ஏறும் பழக்கம், கழுவி எண்ணெய் போடுவது ஆகியவற்றில்தான் இன்னும் நிமிடக் கணக்கில் நேரம் ஒளிந்திருக்கிறது. பதில்களும் அந்தப் பக்கமாகவே சாய்ந்திருக்கின்றன.

கேள்வி: ஐயா, என் எடை 72 கிலோ. 33 மில்லிமீற்றர் ரயர், உள்ளே ரியூப். எங்கள் சுற்றில் பாதி கிறவல், பாதி மணல். 50 பி.எஸ்.ஐ. அடித்தால் மணலில் புதைகிறது. 25க்கு இறக்கினேன், ஒரே நாளில் இரண்டு முறை காற்றுப் போனது. ரியூபைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அருகருகே இரண்டு ஓட்டை. முள் ஒன்றும் இல்லை. எவ்வளவு காற்றுத்தான் சரி?
— வாசகர், உப்புவெளி

பதில்: அருகருகே இரண்டு ஓட்டை என்றால் அது முள்ளின் வேலை இல்லை. வேரிலோ கல்லிலோ சில்லு மோதும்போது ரயர் முழுதாக அமுங்கி, றிம்மின் இரு விளிம்பும் ரியூபைக் கவ்வியிருக்கின்றன. ரியூப் வைத்து ஓடும்வரை இந்த ஆபத்து உண்டு. உங்கள் எடைக்கு முன்னே 30, பின்னே 33 என்று தொடங்குங்கள். உடம்பின் பாரம் பின்பக்கம் கூட என்பதால் பின்சில்லுக்கு எப்போதும் இரண்டு மூன்று கூட வேண்டும். அந்த அளவில் சுற்றை ஒரு முறை போட்டி வேகத்தில் ஓடுங்கள். றிம் ஒரு தடவைகூடத் தட்டவில்லையா, இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கி மறுபடி ஓடுங்கள். 'டக்' என்று றிம் தட்டும் சத்தம் கேட்டதும் மூன்று ஏற்றி, அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மழை பெய்த நாளுக்கு ஒரு வரி, காய்ந்த நாளுக்கு ஒரு வரி.

ரியூப்லெஸ் ரயரும் அதற்கேற்ற றிம்மும் உங்களிடம் இருந்தால் கணக்கு மாறும். கவ்விப்பிடிக்க உள்ளே ரியூப் இல்லாததால் முன்னே 23, பின்னே 25 என்று தொடங்கலாம். மணல் கூடிய சுற்றில் 20 வரை இறங்குபவர்கள் உண்டு. அதற்குக் கீழே போனால் வளைவில் ரயர் றிம்மை விட்டு உருண்டு, 'புஸ்' என்று காற்றைத் துப்பும்.

எதைக்கொண்டு அளக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 160 வரை எண் போட்ட பம்மின் முள், 25க்குப் பக்கத்தில் நாலைந்து பி.எஸ்.ஐ. பிழை காட்டினால் ஆச்சரியமில்லை. ஒருநாள் 25, மறுநாள் 30 என்று ஓடிவிட்டு ரயரைத் திட்டுவதில் பயனில்லை. 60க்கு மேல் போகாத சின்ன அளவுமானி ஒன்று வாங்குங்கள். இந்தப் பருவத்துக்கு வாங்கத் தகுந்தது அது ஒன்றுதான். மோட்டார் சைக்கிள் கராச்சில் கொம்பிறெசரால் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

வெயிலையும் மறக்க வேண்டாம். நிழலில் 28 பாகை வெப்பத்தில் 25 அடித்த சில்லை வெயிலில் சாத்திவைத்து, உள்ளே காற்று 48 பாகைக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய 27½ ஆகிவிடும். நீங்கள் இரண்டு இரண்டாக இறக்கித் தேடிப் பிடித்த அளவு அரை மணி வெயிலில் போய்விடும். தொடக்கக் கோட்டுக்குப் போகுமுன் நிழலில் நின்று கடைசியாக ஒரு முறை அளவுங்கள்.

கேள்வி: எங்கள் சுற்றில் அறுபது மீற்றர் நல்ல மணல் இருக்கிறது. மற்றவர்கள் முழுவதையும் உழக்கிக் கடக்கிறார்கள். நான் இருபதாவது மீற்றரில் சாய்ந்துவிடுகிறேன். காலில் பலம் குறைவா?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: பலத்தைவிட நுழையும் விதத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். மணலில் வேகத்தைக் கூட்ட முடியாது; கொண்டுபோன வேகத்தைச் செலவழிக்கத்தான் முடியும். ஆகவே மணலுக்கு முந்திய முப்பது மீற்றரில் எழுந்து நின்று உழக்கி, 20 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் நுழையுங்கள். கியரை வெளியே, கெட்டித் தரையிலேயே மாற்றிவிட வேண்டும். முன்னே 40 பல், பின்னே 21 பல் என்றால் நிமிடத்துக்கு 70 சுற்று உழக்க ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகம் வரும். மணலுக்கு அது நல்ல நடுத்தரம். இலகுவான கியரில் நுழைந்தால் கால் வெறுமனே சுழன்று பின்சில்லு குழி தோண்டும்; உள்ளே போய் மாற்றினால் செயின் இழுபட்டு அந்தக் கணமே வேகம் செத்துவிடும்.

நுழைந்ததும் ஆசனத்திலேயே இருங்கள். இடுப்பை இரண்டு விரற்கடை பின்னே தள்ளுங்கள், முன்சில்லு இலேசாகட்டும். கையில் பிடி தளர்ந்திருக்க வேண்டும். முன்சில்லு தன்பாட்டில் ஒரு சாண் அங்குமிங்கும் அலையும், அலையவிடுங்கள். ஹாண்டிலை இறுக்கித் திருப்பினால் சில்லு குறுக்கே நின்று உங்களை முன்னால் தூக்கிப் போடும். திசை மாற்ற இடுப்பைச் சாயுங்கள். முன்னால் போனவரின் தடம் இருந்தால் அதற்குள்ளேயே போங்கள். அந்த மணல் ஏற்கெனவே அமுங்கி இறுகியிருக்கும். கண் சில்லில் நிற்கக் கூடாது. நாலைந்து மீற்றர் முன்னே, தடம் போகும் இடத்தில் நிற்க வேண்டும். பிறேக்கை மறந்துவிடுங்கள்.

எப்போது இறங்குவது? சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினால் ஒன்பது பத்துக் கிலோமீற்றர் வேகம் வரும். உழக்கும் வேகம் அதற்குக் கீழே விழுகிறது என்று உணர்ந்த உடனேயே, சில்லு நிற்குமுன் இறங்கி ஓடுங்கள். நின்றபின் இறங்குபவர் இரண்டு முறை தோற்கிறார்: ஒன்று வேகம், மற்றது பின்னால் வருபவரின் வசவு.

பெல்ஜியத்துக் கடற்கரை ஊரான கொக்சைடேயின் மணல்மேட்டுச் சுற்று இந்த விளையாட்டில் பேர்போனது. 2012 உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. நீல்ஸ் அல்பேர்ட் வென்றார். அவரையும் சேர்த்து முதல் ஏழு இடமும் பெல்ஜியருக்கே போயின. அந்த மணலில் அவர்களுக்கு இருந்த பழக்கம் மற்றவர்களுக்கு இல்லை. உங்களுக்கு வாசலிலேயே மணல் கிடக்கிறது. கிழமையில் இரண்டு நாள், இருபது நிமிடம், அதே அறுபது மீற்றரைப் பத்துப் பன்னிரண்டு முறை கடந்து பாருங்கள்.

கடற்கரையில் பயிலும்போது அடம்பன் கொடிமேல் ஏற்ற வேண்டாம். பின் கியரில் சுற்றிக்கொண்டால் கத்தியால்தான் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். இராவணன் மீசைப் புல்லின் முனை ரயரின் பக்கச் சுவரைக் குத்தும். அந்த இரண்டும்தான் அந்த மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருப்பவை என்பது வேறு.

கேள்வி: ஞாயிறு ஓடிவிட்டு வந்து சாத்தினால் திங்கள் காலையில் செயின் செம்மஞ்சளாக நிற்கிறது. கடலுக்குள் இறக்கவில்லை, அலை வந்து போகும் ஈரமணலில் கொஞ்சத் தூரம், அவ்வளவுதான். மண்ணெண்ணெயால் கழுவி, பழைய எஞ்சின் எண்ணெய் பூசுகிறேன். பிறகும் அதே கதை.
— வாசகர், நிலாவெளி

பதில்: அந்தக் கொஞ்சத் தூரமே போதும். உப்புக் காய்ந்தாலும் சும்மா இராது. இரவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னை நனைத்துக்கொள்ளும். இரும்பு அதன் கீழேயே துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்கு வேண்டியது தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். கடற்கரையோரக் கிணறுகள் சில உவர். வாயில் வைத்துக் கரித்தால் அந்தத் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்யாதீர்கள். குழாய்த் தண்ணீர் இரண்டு லீற்றர் தனியே எடுத்துவையுங்கள்.

வீட்டுக்கு வந்த ஒரு மணிக்குள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை இறக்குங்கள். துணியால் துடைப்பது அதற்குப் பிறகு. மணலோடு துடைத்தால் பெயின்ற் கீறும். அடுத்த வாளியில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, மென்மையான தூரிகையால் பிறேமையும் சில்லுகளையும் தேயுங்கள். செயினுக்கும் பின் பற்சக்கரத்துக்கும் தூரிகை வேறு. அந்த எண்ணெய்த் தூரிகை டிஸ்க்கில் பட்டால் பிறேக் கத்தத் தொடங்கும், பிடிக்காது. மண்ணெண்ணெய் பாவிப்பதானால் ஒரு சிறு கோப்பையில் எடுத்துப் பழைய பற்தூரிகையால் செயினுக்கு மட்டும். பிறகு சவர்க்காரத் தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீர், துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் அரை மணி. வாகனம் கழுவும் இடத்தில் அழுத்தத் தண்ணீர் அடிப்பதானால் அச்சு, பெடல் அச்சு, ஹாண்டில் கழுத்து மூன்றையும் நேரே காட்ட வேண்டாம். அது கிறீஸைத் துரத்திவிட்டு மணலை உள்ளே குடியிருத்தும்.

எஞ்சின் எண்ணெயை இன்றோடு விடுங்கள். பழைய எண்ணெயில் உலோகத் தூள் இருக்கிறது; மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு நன்றாகத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அம்மியில் அரைப்பதுபோலச் செயினை அரைக்கும். செயின் நன்றாகக் காய்ந்தபின் சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி, உட்புறமாக விடுங்கள். பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுற்றி, பத்து நிமிடம் பொறுத்து, வெளியே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே. மாரிச் சேற்றுக்குத் தடித்த எண்ணெய், பெப்ரவரி மணலுக்கு மெழுகு வகை.

பருவம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். அடிமட்டத்தைச் செயின்மேல் வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 முழுக் கண்ணிகளை அளவுங்கள். புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பின் பற்சக்கரமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். ஆசனக் குழாயைக் கழற்றித் துடைத்து, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். இரும்புப் பிறேமுக்குள் அலுமினியக் குழாய், இடையில் உப்புத் தண்ணீர் என்றால் இரண்டும் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் விட்டால் கழற்ற வாள்தான் எடுக்க வேண்டும். காபன் பிறேம் என்றால் கிறீஸ் அல்ல, காபனுக்கென்று விற்கும் பிடிப்புப் பசை (ஒட்டும் பசை அல்ல). ஹாண்டில் நாடாவையும் உரியுங்கள். கடல் உப்பைவிட உங்கள் வியர்வை உப்பு அதன் கீழே அலுமினியத்தைத் தின்றிருக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் தேய்த்துப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் ஹாண்டிலையே மாற்றுங்கள். அச்சுகள் கிண்ண வகையானால் குண்டுகளைப் புதிதாகப் போடுவதுதான் மலிவு. வழக்கமாக முன் அச்சில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு பத்து, பின் அச்சில் பக்கத்துக்கு 1/4 அங்குலக் குண்டு ஒன்பது. கழற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள், ஒன்று உருண்டோடினால் தெரியும்.

கேள்வி: அப்பாவின் பழைய இரும்புச் சைக்கிளில் ஓட விடுவார்களா?
— வாசகர், ஆண்டாங்குளம்

பதில்: நண்பர்கள் ஓட்டத்தில் யார் தடுப்பார்கள்? ஆனால் கம்பிப் பிறேக்கும் முலாம் பூசிய இரும்பு றிம்மும் நனைந்தால் றப்பர்க் கட்டை வழுக்கும். இறக்கத்தில் முன்னால் போகிறவரின் முதுகுதான் உங்களுக்குப் பிறேக். சுரியில்லாத காய்ந்த நாளில், மட்காட், கரியர், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடுங்கள். மௌன்டன் சைக்கிள் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதுவே மேல். 33 மில்லிமீற்றருக்கு மேல் ரயர் ஆகாது, வளைந்த ஹாண்டில் வேண்டும் என்பதெல்லாம் சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியத்தின் போட்டிகளுக்குத்தான்.

கேள்வி: நான் 155 சென்ரிமீற்றர் உயரம். குறுக்குப் பலகைக்கு முன் எல்லோரும் ஓடும் வேகத்திலேயே இறங்குகிறார்கள். நான் நின்றுதான் இறங்குகிறேன். ஏறும்போது ஆசனத்தில் குதிக்கவும் பயம். போன ஓட்டத்தில் இறங்கும்போது பிறேக் பிடித்ததில் பின்சில்லு எழும்பிவிட்டது.
— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, கடைசியாகச் சொன்னதை முதலில் பார்ப்போம். இறங்கும்போது வலக்கை ஹாண்டிலை விட்டுப் பாரை, அதாவது ஆசனத்துக்கும் ஹாண்டிலுக்கும் இடையிலுள்ள மேற்குழாயைப் பிடிக்கப் போகிறது. மிஞ்சுவது இடக்கைப் பிறேக் மட்டும். நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் இடக்கை பின்சில்லுக்கு, அதனால் அபாயமில்லை. ஆனால் சில நாடுகளில் இருந்து வரும் சைக்கிள்களில் இடக்கை முன்சில்லுக்கு. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கேபிளை மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். கேபிள் பிறேக் என்றால் அரை மணி வேலை.

இனி இறங்குவது. எப்போதும் இடப்பக்கமாகத்தான், செயின் வலப்பக்கம் இருப்பதால். பலகைக்குப் பத்து மீற்றர் முன் வலக்காலைப் பெடலிலிருந்து எடுத்து, ஆசனத்துக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடக்கால் மட்டும் பெடலில், சைக்கிள் உருண்டுகொண்டிருக்கிறது. வலக்கையால் பாரின் நடுவைப் பிடித்து, பாரத்தை அந்தக் கையில் கொஞ்சம் சாயுங்கள். சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பூட்டுப் பெடல் என்றால் இடக் குதியைத் திருப்பிப் பூட்டை இந்த நேரத்திலேயே விடுவிக்க வேண்டும். வலக்கால் மண்ணைத் தொட்டபின் விடுவிக்கப் பார்ப்பவர்கள்தான் பலகைமேல் விழுகிறார்கள். வலக்கால் தரையில், அடுத்த எட்டு இடக்கால், அப்படியே ஓட்டம்.

விதிப்படி பலகை 40 சென்ரிமீற்றருக்கு மேல் இராது. இரண்டு பலகைக்கும் இடையே 4 மீற்றர். உங்கள் உயரத்துக்கு இடையில் மூன்று நாலு எட்டு வரும். அந்த இடைவெளியில் சைக்கிளைக் கீழே வைக்காதீர்கள். இரண்டாவது பலகை தாண்டும்வரை கையிலேயே இருக்கட்டும். படிக்கட்டு, நீண்ட மேடு என்றால்தான் தோள்: வலக்கையைப் பாருக்குக் கீழாக பிறேமுக்குள் விட்டு, பாரைத் தோளில் ஏற்றி, அதே கையால் ஹாண்டிலின் இடப்பக்க வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். போத்தல் கூட்டை முன்னாடியே கழற்றியிருக்க வேண்டும்.

ஏறுவதைக் குதிப்பது என்று நினைப்பதால்தான் பயம். இரண்டு கையும் ஹாண்டிலில், இடக்காலால் உந்தி, வலத்தொடையின் உட்புறத்தை ஆசனத்தில் வழுக்கி ஏற்றுங்கள். உட்காருவது அதற்குப் பிறகு. தொடைதான் முதலில் தொட வேண்டும். புல்தரையில் நடக்கும் வேகத்தில் பத்து முறை, மெதுவான ஓட்டத்தில் பத்து முறை. பலகைக்குப் பதில் ஒரு தும்புத்தடியைத் தரையில் போட்டுத் தொடங்குங்கள். மூன்று கிழமையில் உங்கள் நேரம் குறையப்போவது இங்கேதான். சுற்றுக்கு ஐந்து நொடி மிச்சம் என்றாலும் எட்டுச் சுற்றில் நாற்பது நொடி.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்குவதற்கு முந்திய ஞாயிறுதான் எங்கள் கடைசி ஓட்டம். இன்னும் மூன்று கிழமை. ஒக்டோபரில் இருந்த வேகம் இப்போது இல்லை. விடிய எழும்பினால் கால் கல்லாக இருக்கிறது. இன்னும் கடுமையாகப் பயிலவா, குறைக்கவா?
— வாசகர், கிண்ணியா

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். குறையுங்கள். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுக் கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால், உடம்பு பழைய ஓட்டங்களையே இன்னும் கட்டி முடிக்கவில்லை. அப்படியானால் முதலில் நாலைந்து நாள் சைக்கிளைத் தொடாதீர்கள்.

அதன்பின் மொத்த நேரத்தைப் பாதியளவாக்குங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். செவ்வாய்: 40 நொடி முழுமூச்சு, 20 நொடி இளைப்பாறல், இப்படி ஆறு, ஐந்து நிமிடம் விட்டு இன்னோர் ஆறு. வியாழன்: நின்ற நிலையிலிருந்து கிளம்பி 15 நொடிப் பாய்ச்சல் ஐந்து, நடுவில் தாராளமாக ஓய்வு. முதல் வளைவுக்கு யார் முன்னே நுழைகிறார் என்பதில் பாதிப் போட்டி தீர்ந்துவிடுகிறது; அங்கே சுற்று ஒடுங்கியதும் பின்னால் நிற்பவர் வரிசையில் நடக்க வேண்டியதுதான். சனி: அரை மணி இலேசாக, நடுவில் ஒரு நிமிட வேகம் இரண்டு. மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாமலிருப்பதும் பயிற்சிதான், அதுதான் பலருக்கும் முடிவதில்லை.

நோன்பு மாதம் பருவ ஓய்வோடு ஒத்துப்போவது உங்களுக்கு வசதி. முதல் இரண்டு கிழமை ஒன்றும் வேண்டாம். பிறகு ஆசையிருந்தால் நோன்பு திறப்பதற்கு முந்திய அரை மணியில் வியர்க்காத வேகத்தில் உருட்டுங்கள்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். அங்கே பருவக் கடைசியில் இரண்டு போட்டி இருக்கிறதாம், குளிரும் சேறுமாம். சேறு அப்பினால் மாற்றி ஓட இரண்டாவது சைக்கிள் வேண்டும், காசு அனுப்புங்கள் என்கிறான். உண்மையிலேயே தேவையா?
— ஒரு தந்தை, பாலையூற்று

பதில்: தேவை என்பதில் உண்மை இருக்கிறது, இப்போதே தேவையா என்பதுதான் கேள்வி. சேறு அப்பிய சைக்கிள் இரண்டு மூன்று கிலோ பாரம் கூடி, கியர் மாற மறுக்கும். பெரிய வீரர்கள் சைக்கிள் மாற்றவென்று ஒதுக்கிய மாற்றிடத்தில் ஒன்றைக் கழுவக் கொடுத்து மற்றதை எடுத்துக்கொண்டு போவார்கள். மாற்றுவது அந்த இடத்தில் மட்டுமே செல்லும். நடுவழியில் செயின் அறுந்தால் அதுவரை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பின்னோக்கி வரக்கூடாது. ஆனால் கழுவிக் கொடுக்க ஆள் இல்லாமல் இரண்டாவது சைக்கிள் இருந்து என்ன? மகனுக்கு அங்கே அப்படி யாராவது நிற்கிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டு போட்டிக்கு ஒரு சோடி உயர்ந்த பல்லுள்ள சேற்று ரயர் போதும். பெடலுக்கு சிலிக்கோன் தெளிப்பான் அடித்தால் சேறு ஒட்டுவது குறையும். இரண்டு சோடிக் கையுறை: சூடேற்றும்போது ஒன்று, போட்டிக்கு உலர்ந்தது ஒன்று. முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் நனைந்த உடுப்பைக் கழற்றிவிட வேண்டும். ஓடும்போது தெரியாத குளிர் நின்றதும் பிடிக்கும். அப்படியும் இரண்டாவது சைக்கிள்தான் வேண்டுமென்றால் மார்ச் வரை பொறுக்கச் சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் பலர் விற்பார்கள்.

கேள்வி: கடைசி ஓட்டத்தை நாங்கள் நடத்துகிறோம். சுற்றை எப்படிப் போடுவது? எத்தனை சுற்று என்று எப்படி முடிவெடுப்பது?
— நண்பர்கள் சிலர், திருகோணமலை நகர்

பதில்: சர்வதேச அளவு 2.5 முதல் 3.5 கிலோமீற்றர், எங்கும் 3 மீற்றர் அகலம், பத்தில் ஒன்பது பங்கு உழக்கக்கூடியதாக இருக்க வேண்டும், செயற்கைத் தடை ஆறுக்கு மேல் கூடாது. முப்பது பேருக்குள் என்றால் நீளத்தில் 1.4 கிலோமீற்றர் போதும், மற்றதைக் குறைக்காதீர்கள். தொடக்க நேர்வழிக்கு விதி 150 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் கேட்கிறது. இடமில்லையென்றால் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு நிமிட இடைவெளியில் விடுங்கள். முதல் வளைவு அகலமாக இருக்கட்டும்.

சுற்றின் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். போட்டி 40 நிமிடம் என்று மட்டும் அறிவியுங்கள். முதல் ஆள் முதலிரண்டு சுற்றை 4 நிமிடம் 50 நொடி, 5 நிமிடம் 10 நொடி என்று முடித்தால் சராசரி ஐந்து, ஆக எட்டு. மூன்றாவது சுற்றிலிருந்து மிச்சச் சுற்றை அட்டையில் எழுதிக் காட்டுங்கள், கடைசிச் சுற்றுக்கு மணி. சுற்று வாங்கியவர்களை (முதல் ஆள் ஒரு முழுச் சுற்றால் முந்திவிட்டவர்களை) வெளியேற்ற வேண்டாம்; முதல் ஆள் முடித்தபின் கோட்டைத் தொடும்போது அவர்களுக்கும் முடிந்தது, எத்தனை சுற்றுக் குறைவு என்று குறித்தால் போதும்.

கரைவலை இழுக்கும் கரையில் சுற்றுப் போடாதீர்கள். கயிறு தரையோடு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. தவிரவும் அது அவர்களுடைய தொழில் இடம். வாடிகளில் முதல்நாளே கேளுங்கள். அலையோர ஈரமணலையும் சுற்றுக்குள் சேர்க்க வேண்டாம், மேலே நிலாவெளி வாசகரின் கதை எல்லோருக்கும் வரும். நகரத்துக்குள் என்றால் மான்கள், வெளியே என்றால் மாடுகள். நாடா கட்டினாலும் அவை மதிக்கா. குறுக்கே வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் விசிலோடு ஓர் ஆள். உள்ளூராட்சி சபைக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்து, காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவர் ஒருவரை மணலருகில் நிறுத்துங்கள்.

கேள்வி: காலை ஆறரைக்கு ஓட்டம். என்ன சாப்பிடுவது? செவ்விளநீர் போதுமா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: முதல்நாள் இரவு சோறோ இடியப்பமோ வயிறாரச் சாப்பிடுங்கள், கொத்து வேண்டாம். காலை ஐந்துக்கு இரண்டு கதலி வாழைப்பழம், ஒரு தேத்தண்ணி. சூடேற்ற நம் வெக்கையில் பதினைந்து நிமிடம் போதும். செவ்விளநீரில் பொட்டாசியம் உண்டு. வியர்வையில் போகும் உப்புக்கு அது ஈடாகாது. 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். பாதியை ஓட்டத்துக்கு முன், மீதியை முடிந்த கையோடு. மிகவும் வியர்ப்பவர்களுக்குச் சுற்றின் ஓரிடத்தில் நின்று போத்தல் நீட்ட ஆள் வையுங்கள்.

கேள்வி: ஓட்டையை அடைக்க ரியூப்லெஸ் ரயரில் ஊற்றும் பால் மூன்று மாதத்துக்கு முன் ஊற்றியது. போன கிழமை நெருஞ்சி முள் ஏறியதும் அடைக்கவில்லை. போலிப் பாலா?
— வாசகர், சீனக்குடா

பதில்: பால் காய்ந்துவிட்டது. நம் வெயிலில் ஆறு கிழமைக்கொரு முறை பார்க்க வேண்டும். சில்லைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சளசளக்கவில்லை என்றால் உள்ளே றப்பர்த் தோல்தான் மிச்சம். அதை உரித்தெடுத்து, 33 மில்லிமீற்றர் ரயருக்கு 50 மில்லிலீற்றர் புதிதாக விடுங்கள். வால்வின் உட்கம்பியையும் கழற்றிப் பாருங்கள், காய்ந்த பால் அடைத்திருக்கும். ஊற்றுமுன் போத்தலை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில்தான் படிந்திருக்கும். ஏறிய நெருஞ்சியைப் பிடுங்கியதும் அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சில்லை ஒரு நிமிடம் நிறுத்துங்கள், பிறகு உருட்டுங்கள்.